இல்லையா, வரலையா?

திருவனந்தபுரத்தில் இதுவரை நடந்த ஹர்த்தால்கள் அத்தனையையும் சேர்த்துக் கட்டினாலும், எங்கள் ஆபீஸ் நில்லு சார் ஒற்றை ஆளாக நிறுத்திய வேலைக்கு உறை போடக் காணாது. ஹர்த்தாலுக்காவது கொடி வேண்டும், கோஷம் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்துவிடும் என்ற ஆறுதலும் உண்டு. நில்லு சாருக்கு ஒரு கீபோர்டு போதும், முடிகிற நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கும் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. மேனேஜர் பிஜுவிலிருந்து கீழ்மாடி வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் நில்லு சார். எங்கள் ஆபீஸில் மலையாளிகளும் தமிழர்களும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அந்தப் பேர் ஒன்றுதான். ஊருக்குள்ளேயே ஸ்ரீவராகம் பக்கத்துத் தமிழ் மனுஷர். நெற்றியில் சந்தனம், கையில் குடை, சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பெப்பர்மிண்ட். வேறெங்கோ ரிட்டயர் ஆகி, ஒப்பந்தத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கோபுரத்தைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ரயில்வே ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி. வெந்நீர் வரவில்லை என்று இடுப்பில் துண்டோடு ஆட்கள் எங்கள் கதவைத் தட்டுவார்கள். மற்றவர்கள் "ரிசப்ஷன் கீழே" என்று விரட்டுவோம். நில்லு சார் மட்டும் எழுந்து போய், "வெந்நீர் இல்லையா, வரலையா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்கோ" என்று அந்த ஈர மனிதரை நிறுத்தி வைத்து விசாரிப்பார். பிறகு கூடவே இறங்கிப் போய், ஹீட்டர் சூடாகத்தான் இருக்கிறது, நடுவில் ஒரு வால்வைத்தான் யாரோ மூடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டு வருவார். லாட்ஜ்காரர்களுக்கு அவர் தெய்வம். எங்களுக்குத்தான் தலைவலி.

தலைவலி ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தொழிலைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாங்கள் விற்கிற மென்பொருளில் நாங்களே எழுதுவது கால்வாசிதான். மீதி, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற புண்ணியவான்கள் எழுதிப் பொட்டலம் கட்டி வைத்திருப்பது. பொட்டலங்கள் இருக்கிற கிடங்குக்கு ரெபோ என்று பேர். பட்டியலோடு கிடங்கு கிடங்காகப் போய் அவற்றை வாங்கி வருகிற வேலையைப் பார்ப்பது பேக்கேஜ் மேனேஜர். கல்யாணச் சாமானுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்புகிறோம் இல்லையா, அந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கடையில் ஒரு கடை அடைத்திருந்தால் அந்த ஆள் என்ன செய்ய வேண்டும்?

அதை விட்டுவிட்டு மற்ற ஒன்பது கடைச் சாமானோடு வீடு வந்து சேர் என்பார்கள் பெரும்பாலானவர்கள். அதற்கு ஸ்கிப் என்று பேர். நில்லு சாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால், செருப்போடு பூஜை அறைக்குள் நுழைந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

நான் அங்கே சேர்ந்தது நாற்பதாவது வயதில். பிள்ளை, சமையல் என்று பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். ஆறு மாசம் புரொபேஷன். அது முடிந்து கன்ஃபர்ம் ஆகாவிட்டால், "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்ல வீட்டில் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன்.

முதல் நாள் காலை பத்தரைக்கு என் ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. நடுவில் கொட்டை எழுத்தில் தமிழ்! 'நில்லு. ஏழாம் கிடங்கு பதில் சொல்லவில்லை. இல்லையா, வரலையா? இல்லை என்றால் 1. வரலை என்றால் 2.'

அவரிடம் ஓடினேன். "சார், இது என்ன தமிழ்ல வருது?"

"இங்கிலீஷ்ல எழுதினா ஒருத்தனும் படிக்கறதில்ல. ஓகேன்னு தட்டிண்டு போயிடறான். தமிழ்ல எழுதினா இங்க முக்காலே மூணுவீசம் பேருக்கு வாசிக்கத் தெரியாதாக்கும். பயந்துண்டு என்கிட்ட வந்தே ஆகணும்."

"எனக்கு வாசிக்கத் தெரியுமே சார்."

"அதான் சங்கடம்" என்றார், நிஜமாகவே கவலையோடு.

பிறகு ஒரு பெப்பர்மிண்ட்டைக் கொடுத்து விளக்கினார். "ஒண்ண அழுத்தினா அந்தக் கிடங்கையே இழுத்து மூடிட்டான்னு அர்த்தம். பட்டியல்லேர்ந்து பேர் போயிடும், அப்பறம் வராது. ரெண்டுன்னா ஆள் இருக்கான், இன்னிக்கு வரல, அவ்வளவுதான். பேர் இருக்கும். நாளைக்கு மறுபடி போய்க் கதவத் தட்டும். கடை அடைச்சிருக்கறதும் சரக்கே இல்லாததும் ஒண்ணா கோமதி? எது, என்னன்னு விசாரிக்காம ஒரு பேர அடிச்சுடப்படாது, கேட்டியோ."

ஏழாம் கிடங்கு எந்த நாட்டில் இருந்ததோ. அதன் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதி, பதில் வந்து, ரெண்டை அழுத்தி முடிப்பதற்குள் மத்தியானம் மூன்று மணி. அதுவரை ஆபீஸில் இருந்த பதினெட்டுப் பேரும் ஜன்னல் வழியாகத் தம்பானூரை வேடிக்கை பார்த்தோம்.

கிடங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் எங்களோடு வேலை பார்க்கும் சுனில் ஆபீஸுக்கு வரத் தாமதமாகிவிட்டது. யாரோ "சுனில் இல்ல" என்று சொன்னார்கள். போதாதா? நில்லு சார் அவன் வீட்டுக்கே போன் போட்டு, "சுனில் இல்லையா, வரலையா?" என்று அவன் அம்மாவைக் கேட்டுவிட்டார். மகன் பைக்கில் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏதோ விபரீதம் என்று அந்த அம்மா போட்ட சத்தம் போனிலிருந்து எங்கள் மேஜை வரை கேட்டது. சுனில் லிஃப்டிலிருந்து பஃப்ஸ் கடித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"ஏன் சார் இப்படி எல்லாத்தையும் நிறுத்துறீங்க?" என்று கேட்டால் அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு.

"வருஷத்துல ரெண்டு நாள் ஆராட்டுக்கு நம்மூர்ல ஏரோப்ளேனையே நிறுத்தறா. பத்மநாபசாமி ரன்வேயைத் தாண்டிண்டு கடலுக்குப் போகணும்னு முன்கூட்டியே சொல்லி நிறுத்தறா. இன்னிக்கு ரன்வே வரல, ஸ்கிப் பண்ணிண்டு எறங்கிடலாம்னு எந்தப் பைலட்டாவது எறங்குவானோ?"

சொல்லிவிட்டு ஆளுக்கொரு பெப்பர்மிண்ட்டை நீட்டுவார்.

எல்லாவற்றிலும் உச்சம் அந்த வருஷத்து ஓண சத்யை, அதாவது ஓணத்து இலைச் சாப்பாடு. ஆபீஸ் ஹாலில் இலை போட்டாயிற்று. பசி என்றால் அப்படி ஒரு பசி. சமையல்காரர் இஞ்சிப்புளி இருக்க வேண்டிய இடத்தில் எலுமிச்சை ஊறுகாயை ரெண்டாம் தரம் வைத்துக்கொண்டே போனார். நில்லு சார் இலையைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

"நில்லு! இஞ்சிப்புளி எங்கே?"

"அது இல்ல சாரே."

"இல்லையா, வரலையா?"

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "வேற வண்டியிலாணு சாரே. டிராஃபிக் பிளாக்கில் பெட்டு." நடுரோட்டில் மாட்டிக்கொண்டதாம்.

"அப்போ வரலைன்னு சொல்லும். அதுக்கு பதிலா இத வைன்னு யார் சொன்னா? இலையில இடம் நெறைஞ்சிருக்கேன்னு சாப்பிட்டுண்டே போயிடுவோம். இஞ்சிப்புளி வரலைங்கறதே யாருக்கும் தெரியாது. அதாக்கும் இதுல விஷமம்!"

நாற்பது நிமிஷம். சோறு ஆறிக்கொண்டிருக்க, பதினெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆட்டோவில் ஒரு தூக்குவாளி வந்து இறங்கிய பிறகுதான் பருப்பு விழுந்தது. அன்றைக்குப் பிஜு அவரைத் தனியே கூப்பிட்டு ஏகமாய்க் கத்தினார்.

மறுநாள் நில்லு சார் ஒரு சமரசத்தோடு வந்தார். கிடங்குப் பட்டியலில் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் ஒரு வார்த்தை எழுதிவிட்டார். சிலதுக்கு 'வேணும்'. சிலதுக்கு 'வந்தாச் சரி'. வேணும் வராவிட்டால் வேலை நிற்கும். வந்தாச் சரி வராவிட்டால், ஸ்கிரீனில் அதே கேள்வியை ஒரு வரியாகக் காட்டிவிட்டு வேலை நடக்கும். "நடக்கட்டும். ஆனா சொல்லாம மட்டும் நடக்கப்படாது" என்றார். முதல் கிடங்காக, தன் மேஜைக்கடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரைப் போட்டிருந்தார். எல்லாக் கிடங்குப் பொட்டலங்களுக்கும் ஒரு பிரதி அதில்தான் வைத்திருந்தார். அதற்கு நேரே 'வேணும்'.

இந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நோயாளி பேரை அடித்தால் அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சிஸ்டருக்குக் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலை ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வர ஒரு பொட்டலம். அது இருப்பது பதினேழாம் கிடங்கில். ஆஸ்பத்திரியில் ஓட்டிக் காட்டும் ஒத்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது பதினேழு பதில் சொல்லாமல் போனது. ஸ்கிரீன் சிவப்பு. வேலை நின்றது.

"நம்மகிட்ட பழைய பிரதி ஒண்ணு இருக்கு பிஜு. எடுத்துக்கலாம். ஆனா பழசுன்னு தெரிஞ்சுண்டு, முழுக்கச் சோதிச்சுட்டு எடுக்கணும். ரெண்டு நாள் குடு" என்றார் நில்லு சார்.

"ரெண்டு நாளோ? சாரே, என்னைக் கொல்லாதே!" என்றார் பிஜு.

மறுநாள் ஆராட்டு. நில்லு சார் மத்தியானமே லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் குடை வாசலைத் தாண்டியதும் பிஜு என் மேஜைக்கு வந்தார்.

"கோமதிச் சேச்சீ, ஒரு வார்த்தை மாத்தினா போதுமல்லோ? பதினேழுக்கு நேரே. சேச்சியோட கன்ஃபர்மேஷன் பேப்பர் என் மேஜைலதான் இருக்கு, கேட்டோ."

மாற்றினேன். வேணும் என்பதை அழித்து வந்தாச் சரி என்று அடித்தேன். ஸ்கிரீன் பச்சையானது. எல்லாரும் கை தட்டினார்கள், பிஜு டீயோடு சுடச்சுடப் பழம்பொரி வரவழைத்தார். பச்சைக்கு நடுவில் ஒரு வரி மட்டும் ஓடியது: 'பதினேழாம் கிடங்கு பதில் சொல்லவில்லை. இல்லையா, வரலையா?' மற்ற தமிழர்களும் இங்கேயே பிறந்து மலையாளம் படித்தவர்கள்; அந்த ஹாலில் அப்போது அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். பதில் சொல்லாமலே நான்தான் அதை மூடினேன்.

காலையில் நில்லு சார் வந்தார். பச்சையைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது.

"பதினேழு வந்துடுத்தா கோமதி?"

"ம்" என்றேன்.

அவர் அதற்குமேல் எதையும் சோதிக்கவில்லை. கிடங்குகளைத்தான் நம்பமாட்டார், மனுஷர்களை நம்பிவிடுவார். அன்றைக்கு டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

ஒத்திகைக்கு நாலு பேர் போனோம்: பிஜு, சுனில், நான், நில்லு சார். எதிரில் ஒரு பெரிய டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டரும். நோயாளியாக நடிக்க நில்லு சாரே உட்கார்ந்தார். அவருக்கு நிஜமாகவே ஒரு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை தெரியாமல் போட்டு, சொந்தத் தம்பிக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு முகம் வீங்கியவர். அது அந்த ஆஸ்பத்திரிப் பதிவிலேயே இருக்கிறது. சிஸ்டர் அவர் பேரை அடித்தார். ஸ்கிரீனில் வந்தது: 'ஒவ்வாமை: இல்லை.'

நில்லு சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இல்லையா, வரலையா?" என்று மெதுவாகக் கேட்டார். பிஜு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுனில் போனை நோண்டினான்.

சார் சட்டைப் பையில் கையை விட்டு வெள்ளையாக ஒரு மாத்திரையை எடுத்தார். சிஸ்டர் மேஜையில் இருந்த தண்ணீரை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டார்.

"இல்லைன்னு மெஷின் சொல்றது. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும், அல்லே பிஜு? முழுங்கட்டுமா?"

நில்லு சார் வாயைத் திறந்தார். கன்ஃபர்மேஷனாவது கத்தரிக்காயாவது!

"நில்லுங்க சார்!"

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

"இல்லாம இல்ல சார். வரல. பதினேழு வரவே இல்ல. வேணும்ங்கறத வந்தாச் சரின்னு நாந்தான் மாத்தினேன். வந்துடுச்சான்னு கேட்டப்ப உங்ககிட்ட ம்னு சொன்னதும் பொய்."

டாக்டரம்மா ஸ்கிரீனையும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிஜு பக்கம் திரும்பி, ஒரு வாரம் அவகாசம் தருவதாகச் சொன்னார். கூடவே, "இந்த சாரை எங்களுக்குத் தர பற்றுமோ, முடியுமோ?" என்றும் கேட்டார்.

திரும்பி வரும்போது அவரும் நானும் ஒரே ஆட்டோ. நான் அழுதுகொண்டு வந்தேன். பாளையம் தாண்டியதும் அவர் பையிலிருந்து அதே மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் அலறிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பெப்பர்மிண்ட்டாக்கும். உனக்கொண்ணு வேணுமோ?"

"அடப்பாவி மனுஷா!" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி அல்ல, தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "மூணு பேர்ல ஒருத்தர் நிறுத்துவான்னு தெரியும். யாருன்னுதான் தெரியல" என்றார். பிறகு, "என்கிட்டயும் தப்பு இருக்கு. பட்டியல் வரலைன்னா இல்லைன்னு எழுதற, ப்ரோக்ராம்ல இருக்கற அந்தப் பழைய வரிய நான் எப்பவோ பாத்திருக்கணும்" என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

நாலாம் நாள் பதினேழாம் கிடங்கு உயிர் பெற்றது. அதன் சொந்தக்காரர் வீடு மாறியிருக்கிறார், கம்ப்யூட்டர் பாத்திரம் பண்டங்களோடு ஒரு லாரியில் இருந்திருக்கிறது. அவருக்குப் புதுமனை வாழ்த்துச் சொல்லிக் கடிதம் எழுதினார் நில்லு சார். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் பட்டியல் கிடைக்காவிட்டால் 'பட்டியல் வரவில்லை, நோயாளியிடம் கேட்கவும்' என்று ஸ்கிரீன் சொல்கிறது. இது தன்னுடைய யோசனை என்று பிஜு ஒரு கூட்டத்தில் பேசினார், நாங்கள் கை தட்டினோம்.

அதே பிஜுதான் என்னை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னவர். அவர் அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, நில்லு சாரிடம் பேசினதெல்லாம் கேட்டது.

"சாரே, மாத்தினது அவங்கல்லே?"

"மாத்தச் சொன்னது யாரு பிஜு? அத விடு. தப்பு நடந்தா வாயத் தொறந்து சொல்ற பேக்கேஜ் இந்த ஆபீஸ்ல அது ஒண்ணுதான். அதுக்கு நேரே நான் வேணும்னு எழுதியாச்சு. எடுத்தா எல்லாம் நிக்கும். நிக்க வைப்பேன்."

மூன்று மாசம் தாமதமாக எனக்குக் கன்ஃபர்மேஷன் வந்தது.

நில்லு சாரின் ஒப்பந்தம்தான் மறு வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேளுங்கள்: அவர் செய்து வைத்த ஏற்பாடு அவ்வளவு நன்றாக ஓடுகிறதாம், இனி அதைப் பார்த்துக்கொள்ள தனியாக ஆள் எதற்காம்.

வழியனுப்பு விருந்துக்கு சத்யை என்று நான்தான் முடிவு செய்தேன். அவர் முறைப்படியே சுவரில் பட்டியல் ஒட்டினேன். அவியல், வேணும். இஞ்சிப்புளி, வேணும். அப்பளம், வந்தாச் சரி. ஒரு மணிக்கு இலை போட்டோம். எல்லாம் வந்துவிட்டது, அவரைத் தவிர. போன் போட்டால் எடுக்கவில்லை, ஸ்கூட்டரில் இருக்கும்போது எடுக்கவும் மாட்டார். செக்ரட்டேரியட் முன்னால் ஏதோ கட்சி ஊர்வலம், ரோடு அடைப்பு என்றார்கள். ஒன்றரை மணிக்குப் பிஜு பொறுமை இழந்தார்.

"சார் இல்லல்லோ. தொடங்கலாமா?"

"நில்லுங்க" என்றேன். "சார் இல்லையா, வரலையா?"

சுனில்தான் முதலில் கையைக் கட்டிக்கொண்டான். பிறகு ஒவ்வொருவராகக் கட்டினார்கள். கடைசியாகப் பிஜுவும்.

ரெண்டே காலுக்கு வேர்த்து விறுவிறுத்து அவர் வந்து சேர்ந்தார். இலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வந்ததே கோபம்!

"சாதம் ஆறிப் போயிருக்கு! ஒருத்தன் வரலைன்னா விட்டுட்டுச் சாப்பிட வேண்டியதுதானே? இத்தன வருஷம் என்கிட்ட என்னத்தப் படிச்சேள்?"

நான் சுவரைக் காட்டினேன். கிட்டப் போய் வாசித்தார். பாயசத்துக்கு அடியில் கடைசிப் பேர்: நில்லு சார். நேரே, வேணும்.

திரும்பாமலே கேட்டார்: "நாளைலேர்ந்து நான் வரமாட்டேனே கோமதி. தினமும் நிக்குமே, என்ன பண்ணுவேள்?"

"நிக்கட்டும் சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வேணும் என்பதை அடித்துவிட்டு, வந்தாச் சரி என்று எழுதினார். பிறகு இலை முன்னால் வந்து உட்கார்ந்து, "பரிமாறுங்கோ, பசிக்கறது" என்றார்.

மறுநாள் காலை என் ஸ்கிரீன் சிவப்பாகவில்லை. அவர் மேஜைக்கடி கம்ப்யூட்டரை யாரோ அதற்குள் பிடுங்கிக் கீழ்மாடி ஸ்டோரில் போட்டுவிட்டிருந்தார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை. கிடங்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். போகிற போக்கில் அதிலும் தன் கம்ப்யூட்டருக்கு நேரே வந்தாச் சரி என்று மாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார் மனுஷர்.

அதனால் தினமும் காலையில் ஒரே ஒரு வரி மட்டும் வருகிறது. 'முதல் கிடங்கு பதில் சொல்லவில்லை. இல்லையா, வரலையா?' ஒன்றை அழுத்தினால் பேர் பட்டியலிலிருந்து போய்விடும், அப்புறம் யாரையும் தொந்தரவு செய்யாது; ரெண்டை அழுத்தினால் பேர் இருக்கும், நாளைக்கும் போய்க் கதவைத் தட்டும். ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கிற கம்ப்யூட்டர் இனி எந்தக் காலத்திலும் பதில் சொல்லப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

எட்டு மாசமாக ரெண்டைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.